குழந்தையின் நெஞ்சுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

"அக்கா, குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்குது. எதிர்ப்பு சக்தியே இல்லையோ?" முத்தியால்பேட்டையில் என் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடையும் ஏறுகிறது. "சின்னதிலே சளி சகஜம்மா" என்றேன். ஆனால், எதற்குப் பயப்பட வேண்டும் என்று தாய்மார்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நெஞ்செலும்புக்குப் பின்னால் 'தைமஸ்' என்றொரு சுரப்பி இருக்கிறது. அதன் வேலையை 1961-ல் கண்டுபிடித்தவர் ஜாக் மில்லர். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்கள் இங்கே வந்து 'டி' செல்களாகப் பயிற்சி பெறுகின்றன. நோயை எதிர்க்கும் காவலர்கள் இவைதாம். தைமஸ் சுரக்கும் 'இன்டர்லூகின்-7' செல்லின் மேற்புறத்தைத் தொட்டதும், 'உயிரோடிரு, பெருகு' என்ற செய்தி கை மாறிக் கை மாறி உள்ளே போகிறது. பிறகு பரீட்சை! சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை அழிக்கப்படும். தேறுவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இந்தச் செய்தி போகும் வழி பிறவியிலேயே அடைபட்டிருக்கும். 'ஸ்கிட்' என்ற கடுமையான நோய் இது. திரும்பத் திரும்ப நிமோனியா, ஆறாத வாய்ப்புண், நிற்காத பேதி, ஏறாத எடை – இவை இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் எலும்பு மஜ்ஜை மாற்றிக் காப்பாற்றலாம்.

குடும்பத்தில் கைக்குழந்தைகள் நோய் தொற்றி இறந்திருந்தால், பி.சி.ஜி. ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். இக்குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமித் தடுப்பு மருந்து ஆபத்து.

மற்றவர்கள் ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது!