குறி தவறுவது ஏன்?

பழந்தமிழகத்தை ஆண்ட மூவேந்தருள் சேரர் தம் சின்னமாகக் கொண்டது வில். கொல்லிமலைத் தலைவனான ஓரி, வில்லாற்றலால் 'வல்வில் ஓரி' என்றே பெயர் பெற்றான். அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாக வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு கூறுகின்றது. போருக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட அவ்வில், இன்று விளையாட்டுக் கருவியாக விளங்குகின்றது. 1900-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் போட்டியில் முதன்முதலாக இடம்பெற்ற விற்போட்டி, 1920-க்குப் பின் நெடுங்காலம் விடுபட்டிருந்து, 1972-இல் மியூனிக் நகரில் மீண்டும் சேர்க்கப்பெற்றது.

அப்போட்டியில் பயன்படும் வில்லின் இரு நுனிகளும் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். இதனை 'ரீகர்வ்' வில் என்பர். எதிர்வளை வில் என நாம் கூறலாம். 70 மீட்டர் தொலைவில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பலகை நிற்கும். அதன் நடுவே, பத்து மதிப்பெண் தரும் மஞ்சள் வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டரே. அம்பு புறப்படும் திசை அரைப் பாகை விலகினாலும், பலகையை அடையும்போது அவ்விலகல் 61 சென்டிமீட்டராகப் பெருகிவிடும். நடுவை நோக்கிய அம்பு விளிம்பிற்கே போய்விடும். ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் பிழை நேர்ந்தால் பத்து மதிப்பெண் கிட்டாது. இத்துணை நுண்மையான கலையில் குறி தவறுவது வியப்பன்று. தவறியது ஏன் என்று கண்டறிவதே அறிவுடைமை.

தாம்பரத்தை அடுத்த திடல் ஒன்றில், பதினாறு வயது மாணவன் ஒருவன் கோடை விடுமுறையில் விற்பயிற்சி செய்து வந்தான். போட்டிக்குப் பத்து நாட்களே இருந்தன. காலையில் மஞ்சளிலும் சிவப்பிலும் சென்று தைத்த அம்புகள், மாலையில் இடப்புறம் ஒதுங்கின. சில கீழே தாழ்ந்தன. ஒன்று எங்கோ போயிற்று. அவன் நாணை மாற்றினான், குறிகாட்டியை நகர்த்தினான், நிற்கும் முறையையும் மாற்றினான். மறுநாள் காலையில் நிலைமை முன்னினும் மோசமாயிற்று. "ஐயா, இந்த வில் எனக்கு ஆகாது" என்று கண் கலங்கி நின்றான்.

ஆசிரியர் சினந்து கொள்ளவில்லை. "தம்பி, 'ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. ஆயினும் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உண்டு. கோணல் எங்கே உள்ளது என்று அளந்து பார்க்காமல் வில்லையும் பழிக்காதே. உன்னையும் பழித்துக் கொள்ளாதே. கருவி, காற்று, கை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்வோம்" என்றார்.

முதலில் அவர் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்தார். பின்னர் ஆறு அம்புகளுக்கும் எண் இடச் செய்து, ஒவ்வொன்றும் தைத்த இடத்தை ஏட்டில் புள்ளியாகக் குறிக்கச் சொன்னார். ஐந்து சுற்றுகள் முடிந்தபின் ஏடு ஓர் உண்மையைக் காட்டியது. ஒவ்வொரு முறையும் விலகிச் சென்றது நான்காம் எண் அம்பே. எடுத்துப் பார்த்தால், நாணில் பொருந்தும் அதன் வால்நுனிப் பிளவில் மயிரிழை போன்ற விரிசல்! அத்தகைய அம்பை எய்தல் குறியைக் கெடுப்பதோடு வில்லுக்கும் கைக்கும் கேடு விளைக்கும். ஆசிரியர் அதனை உடனே விலக்கினார்.

கருவியில் நோக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. புதிய நாண் சில நாட்களில் நீளும். அப்போது கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையேயுள்ள தொலைவு குறைந்து, அம்புகள் சென்று சேரும் இடம் மாறும். ஆதலின் நாள்தோறும் அத்தொலைவை அளந்து, குறைந்திருப்பின் நாணை மேலும் சில முறுக்குகள் முறுக்கிச் சரிசெய்ய வேண்டும்.

அம்பின் விறைப்பும் வில்லுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். விரல்களிலிருந்து நாண் விடுபடும்போது அம்பு நேரே பாய்வதில்லை. மீன் நீந்துவதுபோல் இருபுறமும் வளைந்து நெளிந்தே செல்கின்றது. இதனை ஆராய எளியதொரு சோதனை உண்டு. சிறகுள்ள அம்புகளோடு சிறகில்லாத ஒன்றையும் அண்மையிலிருந்து எய்ய வேண்டும். வலக்கையால் நாணிழுப்போர்க்குச் சிறகில்லாத அம்பு இடப்புறம் விலகினால் தண்டு மிகை விறைப்புடையது. வலப்புறம் விலகினால் மிக மெலிந்தது. அம்மாணவனின் அம்புகள் இச்சோதனையில் தேறின.

அடுத்தது காற்று. வங்கக் கடல் தாம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோடையில் நிலம் கடலைவிட விரைவில் சூடேற, அதன் மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்நோக்கி வீசும். கண்ணில் வெயில் படாதிருக்க, நம் நாட்டில் விற்களத்தை வடக்கு நோக்கி அமைப்பது முறை. வடக்கு நோக்கி எய்பவனுக்குக் கிழக்கு வலப்புறம் அன்றோ? எனவே மாலைக் கடற்காற்று அம்புகளை இடப்புறம் தள்ளியது. அதனை அறியாமல், மாலையில் நகர்த்திய குறிகாட்டியோடு காற்றில்லாத காலையில் எய்தமையால் அம்புகள் வலப்புறம் சென்றன. பலகையின்மேல் சிறு கொடி ஒன்றைக் கட்டிய பின்னர், காற்று வந்த வேளையையும் வலிமையையும் அவன் ஏட்டில் எழுதலானான்.

இங்கு நினைவிற் கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. அம்புகள் யாவும் நெருங்கித் தைத்து, நடுவினின்று மட்டும் விலகியிருந்தால், எய்பவன் கையில் பிழையில்லை. அம்பு சென்ற பக்கமே குறிகாட்டியை நகர்த்தினால் போதும். இடம் சென்றால் இடமும், மேலே சென்றால் மேலும் நகர்த்த வேண்டும். அம்புகள் சிதறினாலோ குறிகாட்டியைத் தொடுதல் கூடாது. சிதறலுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

எஞ்சியது கை. ஒவ்வொரு நாளும் இறுதிச் சுற்றுகளில் சில அம்புகள் தாழ்ந்து விழுந்தன. இதற்கு வில்லும் காற்றும் காரணமல்ல. களைப்பு மிகும்போது மாணவன் நாணை முழுதும் இழுக்காமலே விட்டுவிட்டான். இழுப்புக் குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்த அம்பு தாழும். நாணிழுத்த கை ஒவ்வொரு முறையும் தாடையின் கீழ் ஒரே இடத்தில் வந்து பொருந்த வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றுதலும், நாணை விடும்போது கையை முகத்தினின்று வெளியே வீசுதலும் அம்பைப் பக்கவாட்டில் திருப்பும். "இந்தப் பிழை என்னுடையதே, ஐயா" என்று மாணவன் ஒப்புக்கொண்டான். அப்போது அவன் முகத்தில் வருத்தமில்லை. காரணம் விளங்கிய தெளிவே இருந்தது.

அன்றுமுதல் அவன் ஒரு நெறியைக் கைக்கொண்டான். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. மாற்றியபின் பல சுற்றுகள் எய்து பார்ப்பது. கண்டதை எழுதி வைப்பது. பலவற்றை ஒருசேர மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. குறை மிகுந்தாலும் எதனால் மிகுந்தது என்பது தெரியாது.

போட்டியில் அவனுக்குப் பரிசு கிட்டவில்லை. நான்காம் இடமே பெற்றான். ஆயினும் அவன் வில்லைப் பழிக்கவுமில்லை, விதியை நோகவுமில்லை. திடலின் ஓரத்தில் அமர்ந்து, ஏட்டைத் திறந்து, இறுதிச் சுற்றில் இரண்டு அம்புகள் தாழ்ந்தன என்று எழுதிக்கொண்டான்.

கணக்கில் விடை பிழைத்தாலும், பயிர் வாடினாலும், எந்திரம் நின்றுபோனாலும் பின்பற்றத்தக்க நெறி இதுவே. தவறிய அம்பு நம்மை இகழ்வதில்லை. அது ஒரு செய்தியைக் கொண்டு வருகின்றது. அதனைப் பொறுமையோடு படிப்பவனே அடுத்த அம்பைச் செவ்வையாக எய்வான்.