உங்களுக்குத் தெரியுமா? சாலட்டும் உயிரைப் பறித்தது!

1980களில் அமெரிக்க உணவகங்களில் சாலட் சாப்பிட்ட ஆஸ்துமா நோயாளிகள் சிலர் இறந்தே போனார்கள். லெட்டூஸ் இலை பழுப்பேறாமல் பச்சென்று தெரியச் சேர்த்த சல்ஃபைட் என்ற பதப்படுத்தும் பொருள்தான் காரணம். பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளில் அதைச் சேர்க்க 1986இல் அங்கே தடை வந்தது.

● சல்ஃபைட்டிலிருந்து கிளம்பும் கந்தக டைஆக்சைடு வாயு, ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது.

● உலர் ஆப்ரிகாட்டின் பளிச் ஆரஞ்சு நிறம் சல்ஃபைட்டின் உபயம். சேர்க்காத பழம் பழுப்பாக இருக்கும். பார்க்க அழகில்லை, அவ்வளவுதான்.

● சல்ஃபைட் வைட்டமின் பி1-ஐ அழிக்கும். பழைய இறைச்சியையும் சிவப்பாகக் காட்டும். அமெரிக்காவில் இறைச்சியில் சேர்க்க அனுமதியில்லை.

● உணவில் சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், இந்தியாவில் லேபிளில் சொல்லியாக வேண்டும். அதைக் குறிக்கும் 220 முதல் 228 வரையிலான எண்களைத் தேடுங்கள்.