அத்தை அறைக்கு என்ன கலர்?

பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டு முன்கட்டுக்கு வெள்ளையடிப்பு தவறாமல் நடக்கும். திண்ணை, ரேழி, கூடம் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். பின்கட்டு அறையின் முறை வரும்போது மட்டும் கையில் பணம் தீர்ந்திருக்கும். அல்லது ஆட்கள் அடுத்த வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே 14 வருஷம் ஓடிவிட்டது.

அந்த அறையில் இருப்பவர் என் மாமியார். மாமனார் காலமான பிறகு, ஒருவரும் சொல்லாமலே தன் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். "பாத்ரூம் பக்கம்" என்றார். நாங்களும் நம்பினோம், வசதியாக இருந்ததால்.

அறை பத்துக்குப் பத்து. ஒரே ஜன்னல். கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்குமே, அப்படிப்பட்ட வீடு எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் மூன்றடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். எந்தக் காலத்திலோ க்ரீம் கலர் டிஸ்டெம்பர் அடித்திருக்கிறார்கள். இப்போது அது அரிசி களைந்த கழுநீர் கலரில் இருந்தது. கதவும் அதே கலர், நிலையும் அதே கலர், ஸ்விட்ச் போர்டும் பழுத்துப்போய் அதே கலர்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி 'டொம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். வாசப்படி என்று நினைத்து நிலையில் மோதிக்கொண்டிருக்கிறார். "கதவு எங்க இருக்குன்னே தெரியலம்மா" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது!

கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கலாம் என்றார் அந்த டாக்டரம்மா. பிறகு என்னிடம் பொறுமையாக விளக்கினார். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகிவிடுகிறதாம். "பழுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உலகத்தைப் பார்க்கிற மாதிரிம்மா. வெள்ளைச் சுவத்துல வெள்ளைக் கதவு இருந்தா அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெளிச்சம் மட்டும் பத்தாது, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற பொருளுக்குள்ள வித்தியாசம் வேணும்."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எவர்சில்வர் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அத்தை தட்டில் ஓரமாகச் சோற்றை மிச்சம் வைப்பார். 'வயசாச்சு, பசி குறைஞ்சுபோச்சு' என்று நான் தீர்மானம் செய்துகொண்டேன். விசேஷ நாளில் வாழை இலை போட்டால் மட்டும் பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெரியவே இல்லை, சகோதரிகளே! பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறவளுக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு தூசி துப்பட்டை கண்ணில் படக்கூடாது. ஆகையால் சுரண்டல், தேய்ப்பு எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.

"இருட்டு ரூமுக்கு வெள்ளைதான் அடிக்கணும்" என்றார் என் கணவர். எல்லோரும் சொல்வதுதான். வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், உண்மை. ஆனால் திருப்பி அனுப்ப முதலில் வெளிச்சம் வந்தால்தானே? மூன்றடி தள்ளி எதிர்ச்சுவர் இருக்கும் ஜன்னலில் வருகிற வெளிச்சத்துக்கு வெள்ளைச் சுவரும் சாம்பலாகத்தான் தெரியும். என் திட்டம் வேறு. மேல்தளமும் மற்ற சுவர்களும் வெள்ளையாக இருக்கட்டும். கதவு இருக்கும் சுவர் மட்டும் அழுத்தமான ஒரு கலர். கதவுக்கும் நிலைக்கும் தந்த வெள்ளை. ஸ்விட்ச் போர்டை மாற்றிப் புது வெள்ளை போர்டு. படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினால் வாசப்படி 'நான் இங்கே இருக்கேன்' என்று கூப்பிட வேண்டும்.

கலர் கார்டை அத்தையிடம் கொண்டுபோனேன்.

"எனக்கென்னத்துக்கும்மா கலரு? உங்களுக்குப் புடிச்சத அடிங்க."

"படுக்கப்போறது நீங்கதானே அத்தை? சும்மா சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணுக்கு அருகே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கருநீலத்தைக் 'கறுப்பு' என்றார். வெளிர் மஞ்சளைத் 'வெள்ளை' என்றார். கடைசியில் ஒரு சிவப்பில் விரலை வைத்தார். "இது அரக்குத்தானே? என் கூறைப்புடவை இந்தக் கலர்தான். இது நல்லாருக்கும்."

அது அரக்கு இல்லை. அசல் குங்குமம்.

ராத்திரி இவரிடம் சொன்னேன். "அம்மா கேட்டது அதானே? அடிச்சுடு. நீ ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காதே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கார்டை மூடிக் கையில் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கார்டில் தீப்பெட்டி அளவில் பார்க்கும் கலர் வேறு, சுவர் முழுக்க வரும்போது வேறு. அங்கே சாதுவாக இருப்பது இங்கே ஆர்ப்பாட்டம் செய்யும். அதனால் சின்ன மாதிரி டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் அடித்து, காலை, மத்தியானம், விளக்கு வைத்த பிறகு என்று சுவரில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பகலில் அழகு. ராத்திரி நீலம் பாய்ந்த வெள்ளை எல்.இ.டி. ட்யூப் வெளிச்சத்தில் காய்ந்த ரத்தம்! மஞ்சள் ஒளி தரும் பல்பு மாட்டினேன். அட்டைப்பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருந்தது. மறுபடி உயிர் வந்தது. கலர் பிடிக்கவில்லை என்று பெயிண்டைத் திட்டுவதற்கு முன் பல்பைப் பாருங்கள்.

வேலைக்கு வந்த மேஸ்திரி அனுபவசாலி. முதலில் குளியலறைப் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். அடியில் உப்புப் பூத்திருந்தது. பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சுவரோடு வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சுவருக்குள் ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். ஷீட்டின் வெளிப்பக்கம் ஈரமிருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். "இதுல எந்தப் பெயிண்ட் அடிச்சாலும் அப்பளம் மாதிரி உப்பிக்கும்மா. குழாயச் சரிபண்ணிட்டு, காயவிட்டு, அப்புறம் கூப்பிடுங்க" என்று அந்தச் சுவரைத் தொடவே மறுத்துவிட்டார். நல்லவேளை, கதவுச் சுவர் காய்ந்துதான் இருந்தது.

ஜன்னல் கம்பிகளில் மாமனார் காலத்து எனாமல் பெயிண்ட், அடுக்கடுக்காக. இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016-ல்தான். 2017 நவம்பர் 1 முதல் அமல். அதனால் பழைய எனாமலை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் நல்ல மாஸ்க் போட வேண்டும். உதிர்ந்த துகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். தவழும் குழந்தையும் பிள்ளைத்தாச்சியும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து, ப்ரைமர் அடிக்கும் கட்டம் வந்தது. "சிவப்பு ஏமாத்துற கலரும்மா. அடியில இருக்கிறது தெரியும். வெள்ளைக்கு மேல அடிச்சா நாலு கோட்டு குடிக்கும்" என்று சொல்லி, ப்ரைமரிலேயே கறுப்பு ஸ்டெய்னர் கொஞ்சம் கலந்து சாம்பலாக அடித்தார். அழுத்தமான சிவப்புகள் பெரும்பாலும் அப்படித்தான், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அடியில் சாம்பல் இருந்தால் சீக்கிரம் மூடிக்கொள்ளும். அன்று சாயங்காலம் அறையைப் பார்த்த இவர், "குங்குமம்னே, இது ஜெயில் மாதிரி இருக்கு" என்றார்!

சிக்கனம் பார்த்து நான் செய்த தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுவர் 100 சதுர அடி, கதவு 21 போனால் 79. ஒரு லிட்டர் போதும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். மூன்றாவது கோட்டுக்கு டப்பாவின் அடியில் ஒரு டம்ளர்தான் மிச்சம். ஓடிப்போய் இன்னொரு லிட்டர் கலக்கி வாங்கி வந்தேன். அதே நம்பர், அதே மெஷின். இருந்தாலும் மேஸ்திரி இரண்டையும் தனித்தனியாக அடிக்க ஒப்பவில்லை. பழையதையும் புதியதையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கி, கடைசிக் கோட்டு முழுவதையும் அதிலிருந்தே அடித்தார். தனித்தனியாக அடித்திருந்தால் சுவர் நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தாலும் தெரியும். மொத்தமாக வாங்கி மொத்தமாகக் கலக்குவதே உத்தமம்.

நாலு நாள் அத்தையைக் கூடத்தில் படுக்கவைத்தோம். அந்தச் சமயம் பார்த்துத் திருச்சியிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். அறையை எட்டிப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி இது? அப்பா போனதுக்கப்புறம் அம்மா நெத்தியில ஒரு பொட்டு வெச்சதில்ல. அவங்க ரூமுக்குக் குங்குமக் கலரா? நாலு பேர் வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அது குங்குமமில்லடி, அரக்கு. நாந்தான் சொன்னேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை; அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. அத்தை எழுந்திருக்கும் சத்தம் கேட்டு இருட்டில் நின்று பார்த்தேன். சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வெளிச்சம் குறையக் குறைய முதலில் செத்துப்போகும் கலர் சிவப்புதான். மங்கலில் நம் கண்ணுக்கு அது கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். 1819-லேயே பர்க்கின்ஜி என்ற விஞ்ஞானி இதைக் கவனித்திருக்கிறார். அதனால் சுவர் இருண்டு, வெள்ளை நிலை மட்டும் கோலம் போட்டது போல் எடுப்பாக நின்றது. அத்தை கையை நீட்டித் தடவவில்லை. நேராக நடந்து போனார், வந்தார், படுத்தார்.

மாசி கடைசியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று என் வயிற்றில் புளியைக் கரைத்தது. கட்டிலில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கதவுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மாற்றி வலது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி மாற்றினார்.

"ஏம்மா, இது அரக்கு இல்லியே."

"இல்லீங்க அத்தை."

"குங்குமம்ல?"

"ஆமாம்."

"தெரிஞ்சேதான் அடிச்சியா?"

தலையை ஆட்டினேன். எழுந்து போய்ச் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியையும் பார்த்துக்கொண்டார்.

"கழுவினா போகாதுல்ல?"

"போகாதுங்க அத்தை. ஈரத்துணி போட்டுத் துடைக்கலாம்னு கடைக்காரர் சொன்னார்."

"சரி" என்றார். அவ்வளவுதான். கட்டிலில் வந்து உட்கார்ந்தவர், மடியில் கிடந்த முந்தானையைத் தூக்கிப் பார்த்து, "அட, இது நீலமா! சாம்பல்னு நெனச்சுல்ல ஒரு வருஷமா கட்டிக்கிட்டிருந்தேன்" என்று சிரித்தார். பழுத்த லென்ஸ் முதலில் மறைப்பது நீலத்தைத்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

இப்போது குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. ஓதச் சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. நேற்று மறுபடி பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கிறேன். கலர் கார்டு அத்தையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கேட்டால், இடது கண்ணும் ஆகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்கிறார்.