நெஞ்சுக்குள் ஒரு வெந்நீர்க் குளியல்

ஆஸ்பெஸ்டாஸ் தூசு பொல்லாத கடன்காரன் ஸார்! சுவாசித்து 30, 40 வருஷம் கழித்து, ரிடையராகி உட்கார்ந்த பிறகுகூட நுரையீரல் உறையில் 'மீசோதீலியோமா' என்ற புற்றுநோயாக வந்து நிற்கும். இது ஒரே உருண்டைக் கட்டி அல்ல. சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி பரவியிருக்கும். சர்ஜன் எவ்வளவு சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் சில ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முடிந்த கையோடு, சிஸ்பிளாட்டின் கலந்த திரவத்தைச் சுமார் 42 டிகிரிக்குச் சூடாக்கி, நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் பம்ப் வைத்துச் சுற்ற விடுகிறார்கள். (சிஸ்பிளாட்டினில் இருப்பது பிளாட்டினம். நமக்கு மோதிரம்தான் தெரியும்!) நரம்பில் ஏற்றினால் உடம்பு பூராவும் போகும், இங்கே அடி விழுவது பெரும்பாலும் மிச்சத்தின் மேல். பூரண குணம் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. கொஞ்சம் ரத்தத்திலும் கசியும், கிட்னிக்கு ஆகாது. அதனால்தான் முதலில் கிட்னி டெஸ்ட், அப்புறம்தான் தியேட்டர்.