தவறணையும் அனுமதிப்பத்திரமும்

மடுல்கெல்லயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்குப் பேருந்திற் செல்லும் மாணவன் "வைன் ஸ்டோர்ஸ்" என்னும் பெயர்ப்பலகையைக் காணாதிருத்தல் அரிது. அத்தகைய கடைகளில் திராட்சை மது சிறிதே விலைப்படும், சாராயமே பெரிது. பெயர் எதுவாயினும் கடையின் உயிர் அதன் அனுமதிப்பத்திரத்திலேயே உள்ளது. அதனை யார் வழங்கலாம், யார் பறிக்கலாம், பறிக்கப்பட்டவன் எங்கே முறையிடலாம் என்பன நிருவாகச் சட்டத்தின்பாற்பட்டவை. நம் மாணவருட் சிலர் நாளை எழுதுவினைஞராய் அப்பத்திரத்தை எழுதுவர். சிலர் அதனை எதிர்த்து மனுச் செய்வர். ஆதலின் அதுபற்றிச் சிறிது கூறுவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியிற் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவனே குத்தகைக்காரன். அவன் கொடுத்த பணத்தை மீட்பதற்குக் குடிப்போர் பெருகவேண்டும். அரசிறை பெருகுவதற்கும் அதுவே வழி. இருவர் நலனும் இவ்வாறு ஒன்றுபட்டபோது, சம்பள நாளில் வெறுங்கையோடு இலயத்துக்குத் திரும்பிய தொழிலாளியின் மனைவி மக்களைக் கருதுவார் யார்? 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இந்நிருவாகத்தைச் சீரமைக்கவெனக் கொணரப்பட்டது. தவறணைகள் பெருகுமென அஞ்சிய மதுவிலக்கு இயக்கத்தார் அதனை அவ்வாண்டிலேயே வன்மையாக எதிர்த்தனர். எனினும், பன்முறை திருத்தப்பெற்று அச்சட்டமே இன்றும் நிலவுகின்றது.

அனுமதிப்பத்திரம் காணி போன்ற சொத்தன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய இசைவு. போயா நாளிற் கடை பூட்டப்படல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதார்க்கு விற்றலாகாது. மது விற்பது குடிமகனின் பிறப்புரிமையன்று என இந்திய உச்ச நீதிமன்றமும் 1954இல் அஜ்மீர் வழக்கொன்றிற் கூறியது.

அங்ஙனமாயின், அலுவலர் தம் மனம்போனவாறு இசைவைப் பறிக்கலாமோ? இவ்வினாவுக்கு விடை தந்த வழக்கு மதுக்கடையிலன்றிப் புடைவைக் கடையிற் பிறந்தது. யுத்தகால விதிகளின் கீழ்ப் புடைவைக் கட்டுப்பாட்டாளர் நக்குடா அலி என்னும் இலங்கை வணிகரின் அனுமதிப்பத்திரத்தை நீக்கினார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நியாயமான காரணம் மெய்யாகவே இருத்தல் வேண்டும், இருப்பதாக அலுவலர் எண்ணியது மாத்திரம் போதாது என 1950இல் அம்மன்று கூறியது; இது நன்று. ஆயின் அவர் நீதிபதியைப் போற் செயற்படவில்லையாதலின் எழுத்தாணை செல்லாதென்றும் கூறிவிட்டது. வணிகர் தோற்றார். ஒருவன் பிழைப்பைப் பறிப்பது தீர்ப்பன்றி வேறென்ன என்பது எம் ஐயம். நல்லூழாக, 1963இற் பிரபுக்கள் சபையில் ரீட் பிரபு அப்பிற்பகுதியைக் கண்டித்தார். உரிமையைப் பாதிக்கும் முடிவாயின், பாதிக்கப்படுவோனைக் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும் என்னும் நெறி மீண்டும் வலுப்பெற்றது.

இன்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அங்கு நீதிபதி அலுவலரின் ஆசனத்தில் அமர்ந்து புதிதாய் முடிவெடுப்பதில்லை; அதிகாரம் இருந்ததா, காரணம் இருந்ததா, மறுதரப்புக் கேட்கப்பட்டதா என்றே நோக்குவார். முடிவெடுத்த வேளையில் அலுவலர் முன் கிடந்த கடிதங்களே அப்போது பேசும். ஆதலின் தம் இலயத்தருகே கடை வருவதை விரும்பாத ஊராரும் வாயாற் புலம்பி அமையாது, ஆட்சேபத்தைத் திகதியிட்டு எழுதி, பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பேணி வைத்தல் வேண்டும். எழுத அறியாத பெற்றோர்க்கு அக்கடிதத்தை எழுதிக்கொடுக்க நம் மேல்வகுப்பு மாணவரால் இயலும்.