ஏழைக்குக் காப்பாளர் எங்கே?

குலசேகரத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் பத்து சென்ட் நிலம். விற்றுச் சிகிச்சை செய்ய மனைவியின் கையொப்பம் செல்லாது! 2024இல் கோமாவில் கிடந்த கணவருக்குக் காப்பாளராக ஒரு மாது சென்னை உயர்நீதிமன்றப் படியேறினார். தனி நீதிபதி மறுத்தார். இருவர் அமர்வே வழிவிட்டது.

அறிவு வளர்ச்சி குன்றியோர், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உற்றோர் ஆகியோருக்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் குழுவே காப்பாளரை நியமிக்கிறது. ஆறு மாதத்துக்குள் அவர் சொத்துக் கணக்குத் தரவேண்டும், சுரண்டினால் நீக்கலாம்.

நினைவிழந்தோருக்கும் மறதிநோய் முதியோருக்கும் நாகர்கோவிலில் அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை? வழக்காட ஏழை மதுரைக்கு அலையவேண்டுமா? தோழர்களே, சட்டத்தைத் திருத்தக் கேட்போம். உறவற்றவருக்கு அரசே காப்பாளராகட்டும்!