கோடை விடுமுறையும் கோர்ட்டு வாசலும்

பங்குனி பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். இவ்வாண்டு என் தமக்கை வீட்டில் அப்பேச்சே எழவில்லை. அவள் மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. மே, ஜூன் விடுமுறையில் யாரிடம் பயிற்சிக்கு மனுச் செய்வது என்பதே அங்கு வழக்கு. தந்தை ஒரு கட்சி. தாய் ஒரு கட்சி. பெண்ணோ இரண்டிலும் சேராதவள். மத்தியஸ்தத்திற்கு என்னை அழைத்தனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவுக்கு இப்பதவி சற்று அதிகந்தான்.

இப்பயிற்சி மாணவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரமும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். வக்கீல், நீதிபதி, தொண்டு நிறுவனம், கம்பெனி, சட்ட நிறுவனம் ஆகிய எவரிடமும் பெறலாம். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்திற்கு மேல் கூடாது. விசாரணைக் கோர்ட்டு வக்கீலையும் அப்பீல் வக்கீலையும் ஒருமுறையேனும் அண்டியிருந்தாக வேண்டும்.

அத்தான் பம்பாயிலுள்ள பெரிய சட்ட நிறுவனம் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கல்விக் கடன் தலைமேல் நிற்கிறது. அங்கே பயிற்சியில் நற்பெயர் எடுத்தால் படிப்பு முடிந்ததும் கை நிறையச் சம்பளம் கிடைக்கக் கூடும். கோர்ட்டு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்வோர் நிலை வேறு. நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் அவர்களுக்குத் தருமாறு பார் கவுன்சில் 2024-ல் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, கைக்கு வருவது வேறு.

தமக்கைக்குச் சுப்ரீம் கோர்ட்டு. வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. ஆனால் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அக்கோர்ட்டில் ஒரு சில பெஞ்சுகளே அமர்கின்றன என்பதை அவள் எண்ணவில்லை.

எனக்குச் சட்டம் தெரியாது. கால அட்டவணை தெரியும். ஹைகோர்ட்டுகள் ஆண்டுதோறும் வெளியிடும் விடுமுறைக் காலண்டர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சென்னை ஹைகோர்ட்டுக்கு மே மாதம் விடுமுறை. தமிழ்நாட்டுச் சிவில் கோர்ட்டுகளுக்கும் அப்படியே. தில்லி ஹைகோர்ட்டுக்கோ ஜூனில்தான் விடுமுறை. ஆகவே மே மாதம் தில்லியிலும் ஜூன் மாதம் தமிழ்நாட்டிலும் இருப்பவர், மூடிய கதவைப் பார்த்து நிற்க நேராது. நான்கு வார விதிக்கும் இது பொருந்துகிறது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஊரிலும் தங்க ஒரு திண்ணை உண்டல்லவா?

தில்லியில் யாரிடம் என்ற கேள்விக்கு நானே ஒரு யோசனை சொன்னேன்: தீஸ் ஹசாரி கோர்ட்டிலும் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் ஆஜராகும் வக்கீல் ஒருவர். இத்தீர்ப்பாயம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்தார் இங்கேதான் மனுச் செய்கின்றனர். 2017 ஜனவரி முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய் என்று விதி. ஆனால் சடலத்தின் சட்டைப் பையில் டிக்கெட் இல்லையென்றால் வழக்கு அங்கேயே இடறும். டிக்கெட் கிடைக்காத ஒரே காரணத்தால் அவரைப் பயணி அல்லர் என்று தள்ளிவிட முடியாது, உறவினர் உரிய விவரங்களுடன் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. அப்பிரமாணப் பத்திரத்தை, கூலி வேலைக்கு வந்த இடத்தில் கணவனை இழந்த ஒருத்தியிடம் கேட்டுக் கேட்டு யாரேனும் எழுதியாக வேண்டும். பம்பாய் நிறுவனத்தின் குளிர்பதன அறையில் இப்பாடம் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை. எனக்குச் சோறு போடும் இலாகாவுக்கு எதிர்க்கட்சியாகவே மருமகளை அனுப்புகிறேனே என்று ஆபீசில் நண்பர்கள் நகைத்தார்கள். நகைக்கட்டும்.

அதுவரை வாய் திறவாதிருந்த பெண் அப்போதுதான் பேசினாள். "மாமா, தாத்தாவின் கிரயப் பத்திரத்தைப் போன முறை ஊரில் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நஞ்சை, வில்லங்கம், நான்கெல்லை ஒன்றும் விளங்கவில்லை. தமிழ்நாட்டில் கீழ்க் கோர்ட்டு மொழி தமிழ். நாளை அங்கே வக்கீலாக நிற்க முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும்."

2011 முதல் நடப்பிலிருக்கும் சட்டப் பிரிவின்படி, பதிவு செய்த வக்கீல் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் வாதாடலாம். சாட்சி பேசும் மொழியைச் சட்டம் கற்றுத் தராது. தமக்கை தலை குனிந்துகொண்டாள். வீட்டில் தமிழ் பேசினால் போதுமென்றிருந்தது அவள் மட்டுமன்று, நாம் எல்லோருமே.

பம்பாய் மனுவைக் குளிர்கால விடுமுறைக்கு ஒத்திவைக்க அத்தான் இசைந்தார், முழு மனதோடு என்று சொல்வதற்கில்லை. தில்லி வக்கீலுக்கு ஒன்றும் திருச்சி சிவில் வக்கீல்கள் மூவருக்கு ஒவ்வொன்றுமாக நான்கு கடிதங்கள் போயின. தான் படித்த பாடங்கள், வரக்கூடிய தேதிகள், தமிழ் வாசிப்பு மெதுவாக வரும் என்ற உண்மை, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதினாள்.

தில்லி வக்கீல் வரச் சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து இன்னும் பதில் இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸோ வாரத்தில் இருமுறைதான். மே கடைசி வாரத்துக்கு அவளுக்கொரு டிக்கெட் எடுத்துவிட்டேன்.